நடுத்தண்டைக் கழற்றிய பிறகு: ஒரு டி.என்.ஏ மாதிரிப் பெட்டியின் மதிப்புரை

பெட்டியின் மூடியில் 48 நைட்ரஜன் காரங்கள், அதாவது டி.என்.ஏவின் எழுத்துகள், என்று அச்சிட்டிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கூடத்தில் பாய் விரித்து, நிறவாரியாகப் பிரித்து எண்ணினேன். அடினைன் (ஏ) 12, தைமின் (டி) 12, சைட்டோசின் (சி) 12, குவானின் (ஜி) 11. மறுபடி எண்ணினேன். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். நீல நிறத்தில் ஒரு துண்டு குறைந்தே இருந்தது.

ஒரு குவானின் இல்லாவிட்டால் என்ன, ஓர் இணையைக் குறைத்துக் கட்டலாமே என்று கேட்கலாம். இரட்டைச் சுருளைக் கட்டி மேசை மேல் நிறுத்துவதோடு திருப்தி அடைபவருக்கு அந்தக் குறை தெரியவே தெரியாது. நான் கட்ட நினைத்திருந்த வடிவத்துக்குச் சரியாக 12 குவானின் தேவை. 11 இருந்தால் அது எழாது.

நான் 31 ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். பெரம்பூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு காலை ஏழரை மணிக்கு, வெயில் ஏறுவதற்குள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஒன்பது பேருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். எல்லோரும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு. அவர்களுக்காகத்தான் பெட்டியை வாங்கினேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. மறுபாதி என் தங்கை மகன். அவனுக்கு 19 வயது. ஃப்ரீட்ரிக் அட்டாக்சியா என்ற நரம்பு நோய். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பெட்டியின் மிகப் பெரிய குணமும் மிகப் பெரிய குறையும் அவன் கையில்தான் எனக்கு விளங்கின.

வாங்கியது பாரிமுனைக்குப் பின்னால், பள்ளி ஆய்வகச் சாமான்கள் விற்கும் ஒரு மாடிக் கடையில். படிகள் செங்குத்தானவை, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயிருந்து குரல் கொடுத்தால் பையன் இறங்கி வருவான். சுவரெங்கும் பிளாஸ்டர் சிறுநீரகம், தவளை எலும்புக்கூடு, பித்தளைத் தராசு. பெட்டிக்கு நெகிழித்தாள் சுற்றியிருந்ததால் பிரித்துப் பார்க்காமலே 2,350 ரூபாய் கொடுத்து எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் பெரியவர். எழுபது வயதிருக்கும். "டீச்சர், துண்டு குறைந்தால் என்னிடம் வாருங்கள், தயாரித்தவர்களைத் தேடாதீர்கள்" என்று அப்போதே சொன்னார். அவர் சொன்னதே சரி. தயாரிப்பாளரின் எண்ணுக்கு நான்கு நாள் அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. பெரியவர் வேறொரு பெட்டியைப் பிரித்து ஒரு குவானினை எடுத்துத் தந்தார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பொருள் தரமானது. சர்க்கரைத் துண்டில் ஐந்து, மூன்று என்ற எண்கள் புடைப்பாக வார்க்கப்பட்டிருப்பதால், இரண்டு இழைகளும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பதைப் பிள்ளைகள் விரலால் தடவியே உணர்ந்துகொள்கிறார்கள். அடினைனும் தைமினும் இரண்டு முளைகளால் சேர்கின்றன. குவானினும் சைட்டோசினும் மூன்றால். தவறான இணையைப் போட்டால் பொருந்தாது. கட்டி முடித்ததும் ஒரு பக்கம் அகலப் பள்ளமும் மறுபக்கம் குறுகிய பள்ளமும் தெளிவாகத் தெரிகின்றன. மலிவான மாதிரிகள் பலவற்றில் இரண்டு பள்ளங்களும் ஒரே அளவில் இருக்கும். அவற்றை வகுப்பில் காட்டவே எனக்கு மனம் வராது. அகலப் பள்ளம் இல்லாவிட்டால், பின்னால் நான் சொல்லப்போகும் மூன்றாவது இழைக்கு இடமே இல்லை.

என் மனக்குறை நடுத்தண்டைப் பற்றியது. அடித்தட்டில் ஒரு கண்ணாடி போன்ற தண்டை நட்டு, ஒவ்வோர் இணையும் சந்திக்கும் இடத்தில் உள்ள வளையத்தை அதில் கோக்கச் சொல்கிறார்கள். கோத்தால் சுருள் அசையாமல் நிற்கிறது. கூடவே வரும் கையேடு, டி.என்.ஏவின் வடிவம் இதுதான் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது. உயிரணுவில் தண்டு எங்கே இருக்கிறது? காரங்கள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்வதும், குறுக்கே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகளும்தான் அதைத் தாங்குகின்றன. ஜீனைப் படிக்கும் நொதி வந்தால் இழைகள் விலக வேண்டும்; நொதி நகர்ந்ததும் மூட வேண்டும். நொதிக்கு முன்னால் முறுக்கு ஏறும், பின்னால் முறுக்குத் தளரும். ஈர வேட்டியைப் பிழியும்போது ஓர் அளவுக்கு மேல் முறுக்கினால் துணி தானாக மடிந்து வேறொரு வடிவம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். டி.என்.ஏவும் அந்த இறுக்கத்தைத் தீர்த்துக்கொள்ள வழி தேடுகிறது. எழுத்து வரிசை இடம் கொடுக்கும் இடத்தில் அது கொண்டை ஊசியாக வளையும், சிலுவையாக விரியும், மூன்று இழையாகும், நான்கு இழையாகும், சுழலும் திசையையே மாற்றிக்கொள்ளும். தண்டைக் கழற்றி வைத்த பிறகுதான் இந்தப் பெட்டி எனக்குப் பயன்பட ஆரம்பித்தது.

எளிதானது சிலுவை. தமிழ் படித்த பிள்ளைகளுக்கு மாலைமாற்று தெரியும். தெரியாதவர்களுக்கு விகடகவி என்று சொன்னால் போதும். டி.என்.ஏவில் அது சற்று வேறு விதம்: ஓர் இழையை ஒரு திசையில் படித்தால் வருவதே, எதிர் இழையை அதன் திசையில் படித்தாலும் வரும். அப்படிப்பட்ட வரிசையில் ஒவ்வோர் இழையும் எதிர் இழையை விட்டுவிட்டுத் தன்னோடு தானே இணை சேர முடியும். 48 துண்டுகளில் நான்கு கைகள் கொண்ட அழகான சிலுவை கிடைத்தது. மனிதரின் 11ஆம், 22ஆம் குரோமோசோம்களில் ஏயும் டியும் நிறைந்த நீண்ட மாலைமாற்று வரிசைகள் உள்ளன. அவை சிலுவையாகி, உடைந்து, ஒன்றன் துண்டு மற்றதோடு ஒட்டிக்கொள்வது தொடர்பில்லாத பல குடும்பங்களில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. ஒரே இடத்தில் ஏன் திரும்பத் திரும்ப உடைகிறது என்று ஒரு மாணவி கேட்டாள். சிலுவையை அவள் கையில் கொடுத்தேன். நான்கு கைகளும் கூடும் நடுச்சந்தியை விரலால் அழுத்திப் பார்த்தவள், "இங்கே பலமே இல்லையே" என்றாள். என் விளக்கம் தேவைப்படவில்லை.

இனி அந்த 12 குவானின்களுக்கு வருகிறேன்.

நம் குரோமோசோம்களின் நுனியில் டி-டி-ஏ-ஜி-ஜி-ஜி என்ற ஆறெழுத்து ஆயிரக்கணக்கான எழுத்து நீளத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியில் ஜி நிறைந்த இழை மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அது மடிந்தால் நான்கு குவானின்கள் ஒரு சதுரமாக அமர்கின்றன. கேரம் பலகையைச் சுற்றி நால்வர் உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தமக்கு வலப்பக்கம் இருப்பவரின் தோளைப் பற்றிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி. அத்தகைய சதுரங்கள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக. மூன்று நான்கு 12. இணைக்கும் வளைவுகள் மூன்றுக்கு டி-டி-ஏ வீதம் ஆறு தைமினும் மூன்று அடினைனும். மொத்தம் 21 துண்டுகள். சதுரங்களுக்கு இடையே பொட்டாசியம் அயனி உட்கார்ந்து எல்லாவற்றையும் பிடித்துவைக்கிறது. இளநீரில் உள்ள அதே பொட்டாசியம்தான்; உயிரணுவுக்குள் அது நிறைய இருக்கிறது. அதன் இடத்தில் லித்தியத்தை வைத்தால் அமைப்பு இந்த உறுதியோடு நிற்பதில்லை.

பெட்டி இதற்கு இடம் தரவில்லை. குவானினில் சைட்டோசினைப் பிடிக்கும் விளிம்பில் மட்டுமே துளைகள். சதுரத்துக்கு இன்னொரு விளிம்பும் வேண்டும். ஒரு குவானினின் வழக்கமான விளிம்பு அடுத்த குவானினின் பக்கவாட்டு விளிம்பைப் பற்ற வேண்டும். அந்தப் பக்கவாட்டு இணைப்பைப் படிகத்தில் கண்டவர் கார்ஸ்ட் ஹூக்ஸ்டீன், ஆண்டு 1959. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பள்ளி மாதிரிகள் அந்த விளிம்பை மொழுக்கையாகவே வார்க்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். இரண்டு துளை கூடுதலாகப் போடுவதற்கு அச்சில் என்ன செலவாகிவிடும்?

கடைப் பெரியவரிடம் படம் வரைந்து காட்டினேன். அவர் கைத்துரப்பணத்தை எடுத்து, முதல் துண்டில் நான் மையால் இட்ட புள்ளிகளில் துளையிட்டார். பிறகு புள்ளி இல்லாமலே மற்றவற்றையும் அளந்து முடித்தார். குவானின், அடினைன் இரண்டிலுமாக 24 துண்டுகள், துண்டுக்கு இரண்டு துளை. நூறு ரூபாய் வாங்கிக்கொள்ளச் செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. துளைக்கும் துளைக்கும் இடையே முளையாக வீட்டுத் துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகினேன். மிகச் சரியாகப் பொருந்துகிறது. பொட்டாசியத்துக்கு ஊதா நிறப் பாசிமணிகள் இரண்டு.

அது எழுந்து நின்றபோது நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க மாட்டேன். தண்டு இல்லை, அடித்தட்டு இல்லை. ஒற்றை இழை தன்னைத்தானே மடித்துக்கொண்டு, மேசை மேல் ஒரு சிறு கோபுரம் போல நின்றது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். இரட்டைச் சுருளைத் தண்டில்லாமல் அப்படித் திருப்பினால் இந்தப் பெட்டியில் அது தொய்ந்துவிடும்.

குவானின் கரைசல் கூழாக உறைவதை 1910ஆம் ஆண்டிலேயே பார்த்திருக்கிறார்கள். கூழுக்குள் இருப்பது இந்த நாற்சதுரம் என்று 1962இல் கெல்லர்ட், லிப்செட், டேவிஸ் மூவரும் காட்டினார்கள். ஆனாலும் இது சோதனைக் குழாயின் விசித்திரமா, உயிருள்ள உடலில் உண்டா என்ற கேள்வி நெடுங்காலம் நின்றது. 2013இல் கேம்பிரிட்ஜில் சங்கர் பாலசுப்பிரமணியனின் குழு, நான்கிழை வடிவத்தை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைச் செய்து, மனித உயிரணுக்களின் குரோமோசோம்களில் அவை புள்ளி புள்ளியாக ஒளிர்வதைக் காட்டியது. அவர் 1966இல் இந்தச் சென்னையில் பிறந்தவர். கைக்குழந்தையாக இங்கிலாந்து சென்றவர். பிள்ளைகளிடம் இதைச் சொன்னபோது ஒன்பது பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். குரோமோசோம் நுனியை நீட்டிக்கும் டெலோமரேஸ் நொதிக்கு இந்த மடிப்பு தடையாக முடியும். பெரும்பாலான புற்றுநோய் உயிரணுக்கள் அந்த நொதியை நம்பியே ஓயாமல் பெருகுகின்றன. மிக் என்னும் புற்றுநோய்த் தொடர்புள்ள ஜீனின் தொடக்கப் பகுதியிலும் நான்கிழை வரிசை உண்டு. அதனால்தான் இந்த மடிப்பைப் பற்றி நிறுத்தும் மருந்துகளைத் தேடுகிறார்கள்.

எதிர் இழையில் உள்ள சைட்டோசின்களும் சும்மா இருப்பதில்லை. அவை இரண்டிரண்டாகச் சேர்ந்து, விரல்களைக் கோத்தது போல ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன. ஐ-வடிவம் என்று பெயர். 1993இல் கண்டறிந்தது, 2018இல் சிட்னி ஆய்வாளர்கள் மனித உயிரணுவுக்குள் பார்த்தார்கள். இதற்கும் 12 சைட்டோசின், ஆறு அடினைன், மூன்று தைமின் என்று 21 துண்டுகள் போதும். ஆக ஒரே பெட்டியில் நான்கிழையையும் ஐ-வடிவத்தையும் அருகருகே நிறுத்த முடிகிறது. எண்ணிக்கை தற்செயலாக அமைந்ததோ, வடிவமைத்தவர்களில் யாரோ ஒருவர் மனத்தில் வைத்திருந்தாரோ, 12 என்ற எண்ணுக்கு அவர்களுக்கு என் நன்றி.

பெட்டி முற்றிலும் தோற்றது இடஞ்சுழியில். வழக்கமான டி.என்.ஏ வலப்பக்கம் சுழலும்; இது இடப்பக்கம் சுழலும் வடிவம். காரமும் சர்க்கரையும் சேரும் முளை சதுரமாக இருப்பதால் காரம் திரும்பாது. இடஞ்சுழி டி.என்.ஏவில் குவானின் தன் சர்க்கரையின் மேல் புரண்டு கொள்கிறது. அதனால்தான் இழையின் முதுகெலும்பு கோணல்மாணலாக ஓடுகிறது, இசட் என்ற பெயரும் வந்தது. ஏணியை இடப்பக்கமாக முறுக்கிவிட்டு அதை இசட் டி.என்.ஏ என்று காட்டுவது தவறு. அது வெறும் கண்ணாடிப் பிம்பம். விளம்பரப் படங்களில் டி.என்.ஏ இப்படித் தலைகீழ்த் திசையில் அச்சாவதைப் பார்க்கும்போதெல்லாம் என் மனம் வலிக்கிறது. சதுர முளையை உருண்டையாக்கினால் இந்தக் குறை தீரும். தயாரிப்பாளருக்குக் கடிதமாகவே எழுதிப் போட்டிருக்கிறேன்.

இதை அவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1972இல் போல், ஜோவின் இருவரும் அடர்ந்த உப்புக் கரைசலில் ஜியும் சியும் மாறி மாறி வரும் டி.என்.ஏவின் ஒளிக்குறி, அதாவது சுழல் ஒளியை அது உட்கவரும் விதம், தலைகீழாவதைக் கண்டார்கள். நம் பக்கத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனின் மாணவராக இருந்த சசிசேகரன், பின்னர் பெங்களூரில் பணிபுரிந்தபோது, 1976இல் வலஞ்சுழியும் இடஞ்சுழியும் அடுத்தடுத்து வரும் ஒரு டி.என்.ஏ மாதிரியை முன்வைத்தார். டி.என்.ஏவின் பொது அமைப்பு அதுவன்று என்பது பிறகு தெளிவானது. ஆனாலும் இழை இடப்பக்கமும் சுழல முடியும் என்று துணிந்து கணக்கிட்டுக் காட்டியவர்களில் அவர் ஒருவர். 1979இல் அலெக்சாண்டர் ரிச்சின் குழு ஆறெழுத்துத் துண்டு ஒன்றைப் படிகமாக்கிப் பார்த்தபோது, ஒரு சுற்றுக்கு 12 இணைகளோடு அது இடப்பக்கம் சுழன்றுகொண்டிருந்தது. இன்று நம் உடலின் ஏடார்1 என்னும் நொதியில் இடஞ்சுழியை மட்டும் இனங்கண்டு பற்றும் ஒரு பகுதி இருப்பது தெரியும். நம் சொந்த ஆர்.என்.ஏவை (ஜீனைப் படித்து எடுக்கும் நகலை) வைரஸ் என்று நினைத்து உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று. அந்தப் பகுதியில் பிழை இருந்தால் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் அழற்சி நோய் வரலாம். இவ்வளவு பெரிய பொறுப்பைத் தாங்கும் வடிவத்தை ஒரு சதுர முளைக்காக விட்டுவிடலாமா?

ஆர்.என்.ஏவுக்குத் தனிப் பை, 640 ரூபாய். தைமினுக்குப் பதிலாக வரும் யுராசிலும் ரைபோஸ் சர்க்கரையும் இருக்கின்றன. கொண்டை ஊசி வளைவுக்கு அது போதும். பாக்டீரியாவில் ஜீன் முடியும் இடத்தில் ஜி, சி நிறைந்த ஒரு கொண்டை ஊசியும் அதன்பின் வரிசையாக யுராசில்களும் வந்தால், படிக்கும் நொதி தயங்கி நின்று கழன்றுவிடுகிறது. பிள்ளைகளுக்கு அதைவிடப் பிடித்தது லிஸ்டீரியாவின் வெப்பமானி. குளிர்ந்த உணவிலும் வளரும் இந்தக் கிருமியின் ஒரு செய்தி ஆர்.என்.ஏ, 30 டிகிரியில் மடிந்து மூடியிருக்கும். 37 டிகிரியில், அதாவது மனித உடலுக்குள் நுழைந்ததும், மடிப்பு இளகி, நோய் உண்டாக்கும் ஜீன்களைத் தூண்டும் புரதம் உருவாகும். வெப்பத்தை அளக்க அதற்கு வேறு உறுப்பு இல்லை, மடிப்பேதான் கருவி. மே மாதத்தில் எங்கள் மாடியே 38 டிகிரி. அந்தக் கிருமிக்கு நம் மாடிக்கும் நம் உடலுக்கும் வேறுபாடு தெரியுமா என்று ஒரு பையன் கேட்டான். அவனுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்து, அவனையே யோசித்து வரச் சொல்லியிருக்கிறேன்.

கொரோனா வைரஸின் போலி முடிச்சுக்குப் பை போதாது. அதற்குக் கூடை பின்னும் ஒயரே மேல். ஒயரை ஒரு கொண்டை ஊசியாக மடித்து, அதன் வளைவுக்குள் வாலை நுழைத்து இழுத்தால் முடிச்சு விழுகிறது. புரதம் செய்யும் ரைபோசோம் அந்த முடிச்சில் முட்டி, ஓரெழுத்து பின்னால் வழுக்கி, அதன் பிறகு வேறு வாசிப்பில் படிக்கிறது. வைரஸ் தன்னைப் பிரதியெடுக்கத் தேவையான புரதங்கள் அந்த வழுக்கலில்தான் கிடைக்கின்றன. நான்கு முழ ஒயர், பத்து ரூபாய்.

இப்போது என் தங்கை மகன்.

பதினோரு வயதில் நடையில் தள்ளாட்டம் தெரிந்தது. செருப்பு சரியில்லை என்று மாற்றினோம். பிறகு எழுத்து கோணியது, பேச்சு குழறியது. ஜீன் சோதனை அறிக்கையில் இரண்டு எண்கள்: 640, 870. ஒன்பதாம் குரோமோசோமில் ஃபிராடாக்சின் என்னும் புரதத்துக்கான ஜீன் இருக்கிறது. அதில் புரதமாக மாறாத முதல் இடைப்பகுதியில் ஜி-ஏ-ஏ என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். மற்றவர்களுக்கு அது 33 முறைக்குள் நின்றுவிடும். இவனுக்குத் தாயிடமிருந்து வந்த பிரதியிலும் தந்தையிடமிருந்து வந்த பிரதியிலும் நூற்றுக்கணக்கில் நீண்டுவிட்டது. காரணம் இதுதான் என்று 1996இல் கண்டுபிடித்தார்கள். தங்கை தன் அத்தை மகனை மணந்தவள். அறிக்கை வந்த நாளிலிருந்து அவள் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டிருக்கிறாள். சொந்தத்தில் மணந்தால் இருவரிடமும் ஒரே மாற்றம் இருக்கும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை. அவர்கள் இருவருக்கும் தங்களுக்குள் அப்படி ஒன்று இருப்பது தெரிய வழியே இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

ஜி-ஏ-ஏ தொடர்ந்து வந்தால் ஓர் இழை முழுவதும் ஜியும் ஏயும். எதிர் இழை முழுவதும் டியும் சியும். இந்த அமைப்பு கிடைத்தால் சுருளின் ஒரு பாதி பிரிந்து, பிரிந்த இழைகளில் ஒன்று திரும்பி வந்து மறுபாதியின் அகலப் பள்ளத்தில் மூன்றாவது இழையாகப் படுத்துவிடும். மூவிழை என்றால் சென்னையில் உள்ளவர்களுக்கு கிண்டியில் உள்ள பல்கலைக்கழக வளாகம் நினைவுக்கு வர வேண்டும். 1954இல் ராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் கொலாஜன் புரதம் மூன்று இழைகளால் ஆனது என்று அங்கேதான் சொன்னார்கள். அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் நாணை ஆராய்ந்து, குண்டும் கம்பியுமாக மாதிரி கட்டிப் பார்த்தார்கள். அது புரதம், இது நியூக்ளிக் அமிலம். நியூக்ளிக் அமிலத்தில் மூவிழை உண்டு என்பது 1957இல் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை பெட்டியோடு தங்கை வீட்டுக்குப் போனேன். பெட்டியின் பெரிய குறை அங்கே வெளிப்பட்டது. முளைகள் மிக இறுக்கம். நடுங்கும் கைகளால் அவற்றைச் செருகவும் முடியாது, பிரிக்கவும் முடியாது. இரண்டு முறை முயன்றுவிட்டு அவன் துண்டைக் கீழே வைத்தபோது, இதைச் செய்தவர்கள் எல்லோர் கைகளையும் நினைத்துப் பார்க்கவில்லையே என்று கோபம் வந்தது. மெழுகுவர்த்தியை முளைகளில் தேய்த்தேன். இறுக்கம் பாதியாகக் குறைந்தது. அதன்பின் பெரிய துண்டுகளை அவன் செருகினான். ஈர்க்குச்சிகளை நான் செருகினேன்.

மூன்று முறை ஜி-ஏ-ஏ, எதிரே அதன் இணை, பள்ளத்தில் மறுபடி ஜி-ஏ-ஏ. இழைக்கு ஒன்பது வீதம் 27 துண்டுகள். 12 அடினைனும் தீர்ந்துவிட்டது. மூன்று முறைக்கே இப்படி. 640ஐ எண்ணிப் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை.

அவன் அதை நெடுநேரம் திருப்பிப் பார்த்தான். "பெரியம்மா, மூன்றாவது இழை வெளியிலிருந்து வரவில்லையே. என்னுடையதேதானே மடிந்து வர வேண்டும்? நீங்கள் தனியாக வெட்டி வைத்திருக்கிறீர்கள்" என்றான். அவன் சொன்னதே சரி. மடிப்பைக் காட்டத் துண்டுகள் போதாததால் நான் தனி இழையாக வைத்திருந்தேன். தங்கை பூக்கட்டும் நூலைக் கொண்டுவந்தாள். இழையின் நுனியையும் மூன்றாவது இழையின் நுனியையும் அவன் சொல்லச் சொல்ல நூலால் இணைத்தோம். பிறகு ஒரு பென்சிலைப் படிக்கும் நொதியாக வைத்து இழைகளுக்கு இடையே தள்ளிக் காட்டினேன். மூவிழை வந்த இடத்தில் பென்சில் நின்றது. உயிரணுவில் இதோடு நிற்பதில்லை. புதிதாக உருவாகும் ஆர்.என்.ஏ, டி.என்.ஏவோடு ஒட்டிக்கொண்டு ஆர்-வளையமாகத் தங்கிவிடுகிறது. சுற்றியுள்ள புரதங்களும் இறுகி ஜீனை மூடுகின்றன. உயிரணுவின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்டிரியாவில் இரும்பு, கந்தகக் கூட்டுகளை அமைக்க உதவும் ஃபிராடாக்சின் அதனால் குறைந்துபோகிறது.

தங்கை பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்படியானால் புரதத்தில் பிழை இல்லையா, அக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். எழுத்து சரியாகவே இருக்கிறது. படிக்க விடாமல் மடிந்திருக்கிறது. உருவாகும் கொஞ்சம் புரதமும் நல்ல புரதமே. எட்டு ஆண்டுகளில் மருத்துவர்கள் பொறுமையாகத்தான் சொன்னார்கள். ஆனால் அவள் இந்தக் கேள்வியைக் கேட்டது அன்றுதான். 2,350 ரூபாய்க்கு நான் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: கடையிலேயே நெகிழித்தாளைப் பிரித்து, நீலத் துண்டுகள் 12 இருக்கின்றனவா என்று எண்ணிய பிறகு பணம் கொடுங்கள். ஆர்.என்.ஏ பையை உடனே வாங்க வேண்டாம். முதலில் ஒயர் போதும். ஹூக்ஸ்டீன் விளிம்புத் துளைகளை எங்கே போட வேண்டும் என்ற படம் இப்போது அந்தப் பெரியவரிடம் இருக்கிறது. கேட்டால் போட்டுத் தருவார். ஞாயிறு விடுமுறை. மெழுகுவர்த்தி ஒன்று கையோடு இருக்கட்டும். நடுத்தண்டை எறிந்துவிடாதீர்கள், சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு முதல் நாளில் அது உதவும்.

மூவிழையை அவன் கலைக்க விடவில்லை. அவன் மேசையில், மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில், நூலோடு அப்படியே நிற்கிறது. என்னிடம் மீதமிருப்பவை 21 துண்டுகள். அவற்றில் ஓர் அடினைன்கூட இல்லை. வருகிற ஞாயிறு வகுப்புக்கு அவற்றோடுதான் போக வேண்டும். திங்கட்கிழமை பாரிமுனைக்குப் போய் இரண்டாவது பெட்டியை வாங்கப்போகிறேன்.